ஒற்றைக் கோடு

மொசெட்லெங் கிளினிக்
6 மார்ச் 2001

அன்புள்ள மொசிடி,

நீ அனுப்பிய கம்பளிச் சால்வை வந்து சேர்ந்தது. ஆம்புலன்ஸ் ஓட்டுநர் மோலெஃபே இரண்டு நாள் அதைத் தன் இருக்கையில் விரித்து உட்கார்ந்துவிட்டுத்தான் என்னிடம் கொடுத்தார். ஆனாலும் சூடு குறையவில்லை. நன்றி.

கிளினிக் வயர்லெஸ் ரேடியோவில் கூப்பிட்டிருப்பேன். ஆனால் நாம் பேசுவதை ஏழு கிளினிக்கும் கேட்கும். அதனால் கடிதம்.

போன வியாழக்கிழமை ஒரு பெண் இறந்துபோனாள். பெயர் ஓனலென்னா, வயது இருபத்து நான்கு. கருக்கலைந்து பத்து நாளாக யாரிடமும் சொல்லாமல் உதிரப்போக்கோடு இருந்திருக்கிறாள். ஆஸ்பத்திரி போகும் வழியில், மோலெஃபேயின் வண்டியிலேயே உயிர் போய்விட்டது. செவ்வாய்க்கிழமைதான் என்னிடம் வந்திருந்தாள்.

அன்று முதியோர் உதவித்தொகை கொடுக்கும் நாள். பணம் கொண்டுவரும் அதிகாரி வரவில்லை. காத்திருந்த கிழவர்களெல்லாம் வெயிலுக்கு ஒதுங்கி கிளினிக்குக்குள் வந்துவிட்டார்கள். தொண்ணூற்று மூன்று பேரைப் பார்த்தேன். என்னோடு இருந்த நர்ஸை மாற்றி ஐந்து மாதமாகிறது. ஆள் கேட்டு மூன்று முறை எழுதிவிட்டேன். அந்தக் கடிதங்கள் உன் மேஜை வழியாகத்தான் போயிருக்கும். நர்ஸ் பிராக்டிஷனர் என்று பெயர் வைத்து, நோயைக் கண்டுபிடிப்பதையும் மருந்து எழுதுவதையும் நம்மிடம் விட்டார்கள். டாக்டர் பதினைந்து நாளுக்கு ஒருமுறை வருகிறார். ஒவ்வொரு நோயாளிக்கும் அவர்கள் வைத்திருக்கும் அட்டையில் ஒருமுறை, பதிவேட்டில் ஒருமுறை, மாதப் படிவத்தில் ஒருமுறை எழுத வேண்டும்.

அவள் அட்டையில் நான் எழுதியது: "கையில் பணம் இல்லை என்கிறார். சமூகநல அலுவலரிடம் அனுப்பப்பட்டார்." சொன்னதைத்தான் எழுதினேன். பதிவேட்டில் பரிசோதனைக் கட்டம் காலியாக இருக்கிறது. விசாரணைக் கோப்பைத் தயாரிப்பது நீதான் என்பதால் முன்னதாகவே சொல்லிவைக்கிறேன்.

உன் முழங்கால் எப்படி இருக்கிறது?

உன்
தெபாட்சோ


மாவட்ட சுகாதார அலுவலகம்
12 மார்ச் 2001

என் தெபாட்சோ,

எனக்கு முன்னால் ஓய்வுபெற்றுவிட வேண்டும் என்று முழங்கால் துடிக்கிறது. அதை விடு.

உன் கடிதத்தைக் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு முறை படித்தேன். விசாரணைக் குழு 29ஆம் தேதி கூடுகிறது. அவர்கள் கண்ணுக்குத் தொண்ணூற்று மூன்று பேர் தெரியமாட்டார்கள், ஒரு காலிக் கட்டம் தெரியும். பயிற்சிப் பள்ளியில் நம் மேட்ரன் கத்துவாரே, "எழுதலேன்னா செய்யலேன்னு அர்த்தம்டி, கழுதைங்களா!" என்று. அந்தக் குரல்தான் குழுவிலும் கேட்கும். உன் நர்ஸ் பதிவையே ரத்து செய்துவிடுவார்கள்.

மூன்று வாக்கியம் போதும்: "கண் வெளிறியிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லப்பட்டது. பணம் இல்லாததால் மறுத்தார்." நீ அட்டையில் எழுதியதோடு எவ்வளவு ஒத்துப்போகிறது பார். பதிவேட்டை நான் முதலில் பார்க்க வேண்டும், மோலெஃபேயிடம் கொடுத்தனுப்பு. அனுப்புமுன் எழுதிவிடு. போன பெண் திரும்பி வரப்போவதில்லை. உன் மகளுக்கு இன்னும் இரண்டு வருடப் படிப்பு இருக்கிறது.

இப்போது இங்கே நர்ஸ்களுக்கெல்லாம் மேட்ரன் நான்தானே. நேற்று எங்கள் எழுத்தர் என்னிடம் கேட்டார்: "மேட்ரன், மொசெட்லெங்குக்கு ஏன் ஆள் போடலன்னு குழுவுல கேட்டா என்ன சொல்றது?"

"மேட்ரனுக்கு முழங்கால் வலின்னு சொல்லு" என்றேன்.

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உன்
மொசிடி


மொசெட்லெங்
17 மார்ச் 2001

அன்புள்ள மொசிடி,

பதிவேட்டைக் கொடுத்தனுப்பியிருக்கிறேன். கட்டம் காலியாகவே இருக்கிறது. அதற்குக் காரணம் உண்டு.

புதன்கிழமை ஓனலென்னாவின் அம்மா வந்தார். வரிசையில் நிற்காமல் நேரே வந்து அட்டையை என் மேஜைமேல் வைத்தார். நான் எழுதிய இங்கிலீஷைப் பள்ளிக்கூட ஆசிரியையிடம் வாசித்துக் கேட்டிருக்கிறார்.

"நர்ஸம்மா, எம்பொண்ணு உங்ககிட்ட காசு கேட்டாளா?"

"கேக்கலம்மா. இல்லன்னு சொன்னா."

"அதெப்படி இல்லன்னு சொல்வா? அன்னிக்கு ரெண்டு ஆடு வித்து மூணு நாள்கூட ஆகல. பணம் அவ இடுப்புலயே இருந்துச்சு. அதுலதான் பெட்டி வாங்கி அடக்கம் பண்ணினோம். அவ வாயால என்ன சொன்னா? அத அப்படியே சொல்லுங்க."

சொன்னேன். "மடி தீர்ந்துபோச்சு" என்றாள். அவ்வளவுதான். சொல்லி முடிக்கும்போதே எனக்குக் கேட்டுவிட்டது, மொசிடி.

நம் மொழியில் பணத்துக்கும் 'மடி'தான், இரத்தத்துக்கும் 'மடி'தான். காலையிலிருந்து கிழவர்கள் 'மடி வரல, மடி எப்ப வரும்' என்று பணத்தைத்தான் புலம்பிக்கொண்டிருந்தார்கள். அந்தக் காதோடு அவளையும் கேட்டேன். அறைக்குக் கதவில்லை. அவளுக்குப் பின்னால் அவள் பெரியப்பா நின்றிருந்தார். அவர் காதுபட ஒரு பெண் அதற்குமேல் எப்படிச் சொல்வாள்? இரத்தம் குறைந்து வெளிறியிருக்கிறதா என்று கீழிமையை விரலால் இழுத்துப் பார்க்க மூன்று வினாடி போதும். நான் தலை நிமிரவே இல்லை. நம் மொழியிலேயே எழுதியிருந்தாலாவது சொல் அப்படியே நின்றிருக்கும். அடுத்துப் படித்தவர் ஒரு நிமிடம் யோசித்திருப்பார். நான் அதை இங்கிலீஷில் பணமாக்கிவிட்டேன்.

அந்த அம்மா கத்தவில்லை. "பேனாவ கீழ வெச்சுட்டு ஒரு தடவ அவ மூஞ்சியப் பாத்திருந்தீங்கன்னா..." என்றார். முடிக்காமல் அட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவள் மறுத்தாள் என்று நான் எழுத மாட்டேன். நடந்ததைக் குழுவிடம் நானே சொல்கிறேன். ஆள் கேட்டு எழுதிய மூன்று கடிதங்களின் நகலையும் கொண்டுவருகிறேன்.

உன்
தெபாட்சோ


மாவட்ட சுகாதார அலுவலகம்
22 மார்ச் 2001

தெபாட்சோ,

பதிவேடு திரும்பி வருகிறது. 29ஆம் தேதி நீயே கொண்டுவர வேண்டும். அதுவரை அதை மூடி வை. கட்டம் இப்போது காலியாக இல்லை. பயிற்சிக் காலத்தில் நீ காய்ச்சலில் கிடந்தபோது உன் வார்டு குறிப்புகளை மூன்று வாரம் எழுதியது யார்? உன் எழுத்து என் கைக்கு இன்னும் மறக்கவில்லை.

கடிதங்களின் நகலைக் கொண்டுவராதே. மூலம் மூன்றும் என் இழுப்பறையில்தான் இருக்கின்றன. மேலே அனுப்பவில்லை. இல்லாத ஆளைக் கேட்டு நச்சரிக்கிறவர்களை எங்கே மாற்றுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். எனக்கு ஓய்வுபெற இன்னும் நான்கு வருடம்.

உனக்காகத்தான் செய்தேன். எனக்காகவும்தான், மறைக்கவில்லை. நீயும் நானும் கூடப் பிறக்காத குறைதான். அந்த ஒன்றுக்காகவாவது சும்மா இரு.

மொசிடி


மொசெட்லெங்
27 மார்ச் 2001

மொசிடி,

கட்டத்தைப் பார்த்தேன். இங்கிலீஷ் 'g'யின் வாலைக்கூட நான் இழுப்பதுபோலவே இழுத்திருக்கிறாய். ஒரு நிமிடம், நானேதான் எழுதினேனோ என்று இருந்தது. அந்த ஒரு நிமிடம் எனக்குப் பிடித்தும் இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

முதலில் பிளேடை எடுத்தேன். சுரண்டியிருந்தால் உன் வரி போயிருக்கும், நீயாவது தப்பித்திருப்பாய். ஆனால் நம் இருவருக்கும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான். தவறான வரியை அழிக்கக் கூடாது. அடியில் இருப்பது படிக்கும்படி ஒற்றைக் கோடு போட வேண்டும், பக்கத்தில் தேதியும் கையெழுத்தும்.

கோடு போட்டுவிட்டேன். கீழே எழுதியிருப்பது: "பரிசோதிக்கவில்லை. இரத்தம் என்று அவர் சொன்னதைப் பணம் என்று புரிந்துகொண்டேன். மேலே உள்ள வரியை நான் எழுதவில்லை." அவள் சொன்ன சொற்களையும் அப்படியே நம் மொழியிலேயே எழுதிவைத்திருக்கிறேன். மேலே உள்ள வரி யாருடையது என்று எழுதவில்லை. கேட்டால் சொல்வேன். அவர்கள் கேட்பார்கள்.

இப்போது யார் வந்தாலும் இமையை இழுத்துப் பார்க்கிறேன். "கால்ல முள்ளுன்னு வந்தா, இந்தம்மா கண்ணப் புடிச்சு இழுக்குது" என்று இன்று ஒரு கிழவர் சொல்ல, வரிசை முழுக்கச் சிரித்தது. என் பதிவு போகும்வரை இழுத்துப் பார்ப்பேன்.

சால்வையை மோலெஃபேயிடம் கொடுத்திருக்கிறேன், துவைத்துதான். வியாழக்கிழமை அந்த அறையில் உனக்கு எதிரே உட்கார வேண்டும். அதற்குப் பிறகு அதைப் போர்த்திக்கொள்ள என்னால் முடியாது. குளிர் தொடங்கப்போகிறது, முழங்காலில் சுற்றிக்கொள்.

தெபாட்சோ மொகாலே
நர்ஸ் பிராக்டிஷனர்
மொசெட்லெங் கிளினிக்