என் பெயரில் இருந்த வீடு

2025 ஜூலை 8

இறால் ஆணத்துக்கு உப்புக் கூடிவிட்டது. என் கணவர் றுவைஸுக்கு இன்றும் சீனன்குடாவில் இரவு வேலையாம். மகள் ஸல்ஹாவும் நானும்தான் சாப்பிட்டோம்.

ஜூலை 11

பக்கத்து வீட்டு மின்ஹா மதிலுக்கு மேலால் கேட்டாள்: "ராத்தா, ஒங்கட மாப்பிள்ள மூதூர்ல இன்னொரு கலியாணம் முடிச்சது ஒங்களுக்குத் தெரியாதா? பள்ளியில அறிவித்தல் ஒட்டிக் கிடந்ததாமே?"

இரண்டாம் கலியாணத்துக்கு முதல் மனைவியின் சம்மதம் எங்கள் முஸ்லிம் விவாகச் சட்டத்தில் தேவையில்லை. அறிவித்தலைப் பள்ளிவாசலில் ஒட்டினால் சரி. பெண்கள் நாங்கள் போகாத பக்கத்தில்! எனக்கு ஸலாம் சொல்லிப் போகிற ஆண்கள் எல்லோரும் வாசித்திருக்கிறார்கள். ஒருத்தனுக்கும் வாய் வரவில்லை. சட்டத்தைத் திருத்துவோம் என்று சொல்லிச் சொல்லியே எத்தனை அரசாங்கம் வந்து போய்விட்டது.

ஜூலை 12

கேட்டேன். "மார்க்கத்தில இடமிருக்குத்தானே" என்றார். ஒளித்து முடிக்கவும் இடமிருக்கா?

'என்றார்' இல்லை, என்றான். இனி 'அவர்' இல்லை.

ஜூலை 20

விடமாட்டேன். எங்கள் பக்கம் வீடு பெண்ணுக்கு. ஆண் மனைவி வீட்டில் வந்து இருப்பான். ஓர்ஸ் ஹில்லில் இந்த வீடு என் வாப்பா கப்பலில் சமைத்துச் சமைத்துக் கட்டி எனக்குத் தந்த சீதனம். றுவைஸ் பிறந்த வீடு அவன் தங்கைக்குப் போய்விட்டது. அவனுக்கென்று என்ன இருக்கிறது? ஒரு பைக்.

உடுப்பையெல்லாம் கேற்றுக்கு வெளியே வைத்தேன். ஸல்ஹா அழுதாள். இருபது வயது, இன்னும் வாப்பா பிள்ளை.

ஜூலை 27

மூதூருக்குப் போனேன், அவளை அடிக்கத்தான். ஷாமிலா என்று பெயர். கதிரை போட்டு, "இரிங்க ராத்தா" என்றாள். கை எழவில்லை.

"நீங்க சம்மதிச்ச எண்டுதானே சொன்னாரு. டவுன் வீடு அவர்ர எண்டும் சொன்னாரு."

"அது என்ட சீதனம்" என்றேன். அவள் வாப்பா ஆதம்பாவா கொடியில் கிடந்த அவன் சாரத்தை எடுத்து மடித்து நீட்டினார். "இதையும் கொண்டு போங்க மகள். இஞ்சையும் அவருக்கு இடமில்ல."

வரும் வழியில் பாலத்திலிருந்து சாரத்தைக் கடலில் எறிந்தேன்.

ஓகஸ்ட் 3

கூட்டாளி ஸப்வானின் டயர் கடைக்குப் பின்னால் படுக்கிறானாம். நல்லா நுளம்பு கடிக்கட்டும்.

செப்டெம்பர் 14

பள்ளி நிர்வாகத்திலிருந்து இரண்டு பேர் சமாதானம் பேச வந்தார்கள். அறிவித்தலை வாசித்த அதே ஆட்கள். தேத்தண்ணிகூடக் கொடுக்கவில்லை.

ஆனால் பின்னேரம் அவன் கேற்றடியில் நின்று இருமினான். என் கை தன்பாட்டில் கேற்றுப் பூட்டின் திறப்பைத் தேடியது. சீ! என்னை நானே நம்ப ஏலாது போல இருக்கு.

செப்டெம்பர் 22

நொத்தாரிசு லோஜினியிடம் போய், வீட்டை ஸல்ஹா பெயருக்கு எழுதச் சொன்னேன். எப்படியும் அவளுக்குப் போகிற வீடுதானே.

"அவசரப்படாதேங்கோ அக்கா. நீங்கள் இருக்கும்வரைக்கும் உங்கட உரிமையை வைச்சுக்கொண்டு எழுதுவம்."

வேண்டாம் என்றேன். என் கையில் துளி உரிமை இருந்தாலும் ஒருநாள் மனம் இளகி அவனை உள்ளே எடுத்துவிடுவேன். முழுதாக எழுதியாயிற்று. வரும்போது தனியாக ஐஸ்கிரீம் வாங்கிச் சாப்பிட்டேன். அப்படியொரு சந்தோஷம்.

ஒக்டோபர் 5

வந்தான். "இது இப்ப என்ட வீடில்ல. உரிமைக்காரியிட்டக் கேளுங்க" என்றேன். அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

ஒக்டோபர் 19

மழை தொடங்கிவிட்டது. டயர் கடைக் கூரை ஒழுகுமாம். ஒழுகட்டும்.

நவம்பர் 9

மின்ஹா வீட்டிலிருந்து நனைந்துகொண்டு வந்தால், முற்றத்தில் அவன் பைக். குசினியில் துவாயால் போர்த்திக்கொண்டு கஞ்சி குடிக்கிறான். காய்ச்சலாம்.

"யாரக் கேட்டு உள்ள எடுத்த?"

ஸல்ஹா அடுப்பை விட்டுத் திரும்பவில்லை. "உரிமைக்காரியிட்டக் கேக்கச் சொன்னீங்களாம். வந்து கேட்டாரு."

"ஸல்ஹா, அவன் எனக்குச் செஞ்சது—"

"தெரியும் உம்மா. ஒங்களுக்கு அவர் மாப்பிள்ள. எனக்கு வாப்பா. பின்னறையில இருக்கட்டும்."

அவன் தலையை நிமிர்த்தவில்லை. நான் வாசலில் சொட்டச் சொட்ட நின்றேன். எனக்கும் ஒரு துவாய் கொண்டுவந்து தோளில் போட்டாள்.

"நீங்களும் இரிங்க உம்மா" என்றாள்.

அன்பாகத்தான் சொன்னாள்.