லிகாசி யாருடைய ஊர்?

பிரஸ்ஸல்ஸ், 1988

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? நான் நலம்தான்.

நான் பார்த்துக்கொள்ளும் வெள்ளைக்கார மூதாட்டி நம் லிகாசியில் பிறந்தவராம். அப்பா செம்பு வெட்டிய சுரங்கத்தில் அவருடைய தகப்பனார் அதிகாரி. நேற்று சோளக்களி கிளறிக் கொடுத்தேன். கையால் உருட்டிச் சாப்பிட்டவர், திடீரென்று அழுதார்.

“காங்கோவுக்குச் சுதந்திரம்னு சொல்லி, என் ஊரவிட்டே என்னைத் தொரத்திட்டீங்களேடி!” என்று நம் சுவாஹிலியிலேயே கத்தினார்.

“அது எங்க ஊரும்மா.”

“அப்ப நீ ஏன்டி இங்க இருக்கே?”

எனக்குக் கோபப்படுவதா, அழுவதா என்றே புரியவில்லை. இங்கே நம் மொழியில் என்னோடு பேச அவரைத் தவிர யாருமில்லை. அவர் கண்ணைத் துடைத்துவிட்டேன்.

பொடிக்கருவாடு அனுப்புங்கள். அவருக்கும் சேர்த்தே அனுப்புங்கள். ஏன் என்று கேட்காதீர்கள், எனக்கும் தெரியாது. கூப்பிடுகிறார், போகிறேன்.

உங்கள் மகள்,
மசெங்கோ