சிவப்பியின் இடுப்பில் அரசங்கன்று

அக்கா,

இன்று காலை மருமகள் நாயின் காதுப் புண்ணுக்கு வேப்பெண்ணெய் தடவினாள். வாடை அடுப்படி வரை வந்தது. பருப்பை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். உங்கள் மாட்டுக் கொட்டகைக்குள் நுழைந்தாற்போல் இருந்தது.

உங்கள் சிவப்பியின் இடுப்பில் காக்கை கொத்திய புண் ஆறவே இல்லை. தோட்டத்துச் செம்பனைக் காட்டில், எண்ணெய்ப் பனைகளுக்கு அடியில் மேய்ந்து, ஈரத்தில் படுத்து, சேறும் சாணியும் அதில் அப்பிக்கிடக்கும். ஒருநாள் அதில் இரண்டு இலை. பறவை எச்சத்தில் விழுந்த விதையாக இருக்கும். அடுத்த இலைகள் விரிந்தபோது அரசு என்று தெரிந்தது.

நீங்கள் பிடுங்கப் போனீர்கள். நான் கையைப் பிடித்தேன்.

"அரசு தானா வந்து உக்காந்திருக்கு. கை வச்சா குத்தம், அக்கா."

"இது மாடுலா, கோயில் செவரில்ல."

ஆனாலும், புத்தகம் படிக்கிறவள் சொல்கிறேன் என்று விட்டுவிட்டீர்கள். வேப்பெண்ணெய் பட்டால் கன்று கருகும் என்று நீங்கள் புண்ணுக்குத் தடவிவந்ததையும் நிறுத்தச் சொன்னேன். வெள்ளிதோறும் மஞ்சள்நீர் தெளித்தேன். லயத்து வரிசை வீடுகளிலிருந்து பெண்கள் கற்பூரத்தோடு வந்தார்கள். காற்றே இல்லாத கொட்டகையில் அந்த இலைகள் மட்டும் மெல்ல ஏறி இறங்கும். சாமி மூச்சு விடுகிறது என்றார்கள். விட்டது சிவப்பி.

உங்கள் பால் கணக்கு நோட்டை நான்தானே எழுதினேன். பால் பக்கத்திலேயே இலையையும் எண்ணி எழுதினேன். ஒன்று குறையக் குறைய இன்னொன்று கூடியது. இரண்டும் என் கையெழுத்துதான். சேர்த்துப் படிக்கத் தோன்றவில்லை.

சிவப்பி படுத்த பிறகுதான் மாட்டு டாக்டரை அழைத்தோம். செடி முளைத்து வளர ரத்தம் வேண்டாம், புண்ணில் அடைந்த அழுக்கே போதும் என்றார். வேருக்கு அடியில் சதையெல்லாம் புழு. அன்று சாயங்காலம் இலைகள் அசைவதை நிறுத்தின. மறுநாள் குழி வெட்டி முடித்து வந்து பார்த்தால், விறைத்த உடம்பின்மேல் புதிதாக ஒரு தளிர், செம்பு நிறத்தில், பளபளவென்று விரிந்திருந்தது. யாரும் கும்பிடவில்லை.

நீங்கள் என்னைத் திட்டியதே இல்லை. மண் தள்ளும்போது ஒன்றே ஒன்று கேட்டீர்கள்.

"அதுக்கு வலிச்சிருக்கும்ல?"

போன தை மாதம் உங்களை எடுக்கும்வரை நான் அதற்குப் பதில் சொல்லவில்லை. வலித்திருக்கும், அக்கா. நான் தண்ணீர் தெளித்த ஒவ்வொரு வெள்ளியும் வலித்திருக்கும்.

சாமி கும்பிடுவதை நான் விடவில்லை. ஆனால் கை கூப்புமுன் குனிந்து பார்க்கிறேன், அடியில் யாராவது தாங்கிக்கொண்டு நிற்கிறார்களா என்று. கருங்கல்லாக இருந்தாலும் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுத்தான்.