காபி டப்பாவில் கிடந்த சைக்கிள் மணி

கிளவுஸ்தால்,
14 அக்டோபர் 2023, சனிக்கிழமை

அன்புள்ள ஃபோல்க்மார்,

நீ அனுப்பிய பார்சல் செவ்வாய்க்கிழமையே வந்து சேர்ந்துவிட்டது. நான்கு நாளாக ஏன் எழுதவில்லை என்றால், எழுதியிருந்தால் என்னென்ன வார்த்தை வந்திருக்கும் என்று எனக்கே தெரியாது. கோபம் இப்போதும் தணியவில்லை. வசவு இல்லாமல் எழுத முடிகிறது, அவ்வளவுதான்.

கண் எப்படி இருக்கிறது? நடுப்பார்வை மங்கிவிட்டது, ஓரத்தில் மட்டும் தெரிகிறது என்று எழுதியிருந்தாய். படித்துவிட்டு அழுதேன், பொய் சொல்லவில்லை. காட்டில் சும்மா கிடக்கிற கல் எது, நாம் தேடுகிற பெட்டியை மூடிக்கொண்டிருக்கிற கல் எது என்று பத்தடி தள்ளி நின்றே சொல்கிற கண் அது. இனிமேல் ஒளித்து வைத்த பெட்டியைத் தேடுகிற இந்த ஜியோகேச்சிங் விளையாட்டு வேண்டாம், மகன் வீட்டோடு இருந்துவிடுகிறேன், சேர்த்து வைத்ததையெல்லாம் உனக்கே தருகிறேன், நீதான் அதற்குப் பொருத்தமானவள் என்றும் எழுதியிருந்தாய். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பிளம் கேக்கில் ஒரு துண்டு வெட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்து பார்சலைப் பிரித்தேன். அந்தத் துண்டு மறுநாள் காலையில் அப்படியே காய்ந்து கிடந்தது.

மேலே மூன்று ஆல்பம், இந்த விளையாட்டுக்கென்றே எண் பொறித்து விற்கிற உன் நாணயங்கள். நீயே வாங்கி, ஒருநாளும் காட்டுக்குள் விடாமல், மாதக் கூட்டத்துக்கு மட்டும் கொண்டுவருவாயே, அவை. அதிலுள்ள எண்ணைக் குறித்துக்கொள்ள ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். அவை உன்னுடையவை. அவற்றைப் பற்றி எனக்கு ஒரு பேச்சும் இல்லை.

ஆல்பங்களுக்கு அடியில் ஒரு காபி டப்பா இருந்தது. அதற்குள் முப்பத்தேழு தகடுகள். முப்பத்தேழும் ஊரார் பொருள்.

இந்த விளையாட்டில் விதி என்று இருப்பதே ஒன்றுதான், ஃபோல்க்மார். எண் பொறித்த தகட்டில் ஒரு பொருளைக் கட்டி, அது போய்ச் சேர வேண்டிய ஊரைச் சொல்லி, ஏதோ ஒரு பெட்டியில் போட்டுவிடுகிறோம். முன்பின் தெரியாத ஒருவன் எடுக்கிறான். எடுத்தேன் என்று அந்தத் தகட்டுக்கென்று இருக்கிற இணையப் பக்கத்தில் எழுதுகிறான். இரண்டு வாரத்துக்குள் அடுத்த பெட்டியில் போடுகிறான். புதிதாக யார் வந்தாலும் முதல் நாளே நீ இதைத்தான் ஒப்பித்துக் காட்டுவாய். உன் டப்பாவில் லீஜ் நகரத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பே சேர்ந்து அனுப்பிய ரப்பர் வாத்து இருக்கிறது. அந்தப் பிள்ளைகளுக்கு இப்போது மீசை முளைத்திருக்கும். வாத்து எங்கே என்று எத்தனை நாள் ஆசிரியரைக் கேட்டிருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தாயா?

வாத்தைக்கூட மன்னிப்பேன். டப்பாவின் அடியில் வீப்கேயின் சைக்கிள் மணி கிடந்தது.

என் மகளின் மணி அது. அதைப் பார்த்து உனக்கு ஆள் தெரியாமல் போனது என்று மட்டும் சொல்லாதே. அவள் அப்பா டீட்டர் அதை அவள் சைக்கிளில் மாட்டிய அன்றைக்கு, திருகாணியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவனே நீதான். டீட்டரை அடக்கம் செய்துவிட்டு வந்து எல்லாரும் காபி குடித்துக்கொண்டிருந்தபோது, அத்தனை பேர் முன்னிலையில் நான் வீப்கேயிடம் சொன்னதையும் நீ கேட்டாய். ‘நீ நார்வேக்குப் போகாமல் இருந்திருந்தால் அப்பாவை நேரத்துக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கலாம்’ என்றேன். அவள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனாள். பத்து வருஷம் ஆகிறது. அந்தச் சொல்லைத் திரும்ப வாங்க எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் மணியைத் தகட்டில் கட்டி, நார்வேயில் அவள் இருக்கிற பெர்கனுக்கு அனுப்பினேன். அதன் இணையப் பக்கத்தில் இப்படி எழுதினேன்: ‘என்னை அனுப்பியவள் ஒரு சொல்லைத் திரும்ப வாங்க விரும்புகிறாள்.’

வீப்கேயும் இந்த விளையாட்டில் ஊறினவள். அந்தப் பக்கத்தை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். மணி ஒவ்வொரு தடவை இடம் மாறும்போதும் அவளுக்கு மின்னஞ்சல் போயிருக்கும். நாம் அனுப்பினால் நேராக வடக்கே போகுமா? ஒரு வருஷம் ஆஸ்திரியா எல்லாம் சுற்றிவிட்டு, கடைசியில் என் வீட்டிலிருந்து மூன்று கிலோமீட்டரில், பழைய சுரங்கக் குளத்து மதகுக்குக் கீழே இருக்கிற பெட்டிக்கே திரும்பி வந்தது. அங்கேதான் காணாமல் போனது. பத்து மாதம் காத்திருந்துவிட்டு, ‘தொலைந்துவிட்டது’ என்று அந்தப் பக்கத்தில் நானே குறித்தேன். அதுவும் அவளுக்குப் போயிருக்கிறது. அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு என் தங்கை ஸிக்ரிட்டிடம் தொலைபேசியில் சொன்னாளாம்: “அம்மாவே தொலைஞ்சு போச்சுன்னு எழுதிட்டா சித்தி. அப்புறம் நான் போய் எதைத் தேடறது?”

நான் கைவிட்டுவிட்டதாக அவள் நினைத்திருக்கிறாள். அப்போது மணி உன் வீட்டு அலமாரியில் இருந்திருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. மதகுப் பெட்டிக்குள் வந்து போகிறவர்கள் எழுதுகிற ஏட்டில் கடைசியாகக் கையெழுத்துப் போட்டிருந்தது பேருந்து ஓட்டுநர் யோஹென். ஜூன் மாதக் கூட்டத்தில் இருபது பேர் பட்டாணி சூப் குடித்துக்கொண்டிருக்கும்போது அவரைப் பிடித்து உலுக்கினேன். “எடுத்தா எழுதணும்னு தெரியாதா? உங்க பஸ்ல ஒருத்தன் டிக்கெட் எடுக்காம ஏறினா விடுவீங்களா?” என்று கேட்டேன். அந்த மனிதர், “நான் பாக்கும்போதே பெட்டிக்குள்ள மணி இல்லீங்க” என்று மட்டும் சொன்னார். நீ என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாய். என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா? “விடு ஹைட்ருன், சூப் ஆறுது.” யோஹென் அதற்குப் பிறகு ஒரு கூட்டத்துக்கும் வரவில்லை.

ஆல்பங்களையும் டப்பாவையும் இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். உன் வாரிசாக இருக்க எனக்கு விருப்பமில்லை. விளையாட்டை விட்டுப் போகிறவன் முதலில் எடுத்ததைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். முப்பத்தாறு பேருக்கும் எழுது. மணி மட்டும் என்னிடம் இருக்கும். ஏன் எடுத்தாய் என்று எனக்குப் பதில் வேண்டும்.

கண்ணுக்கு மருந்து தவறாமல் போட்டுக்கொள்.

ஹைட்ருன்


கிளவுஸ்தால்,
28 அக்டோபர் 2023

அன்புள்ள ஃபோல்க்மார்,

நீ தொலைபேசியில் கூப்பிட்டபோது பாதியில் வைத்துவிட்டேன். அதற்கு வருத்தமில்லை. எட்டு வருஷத்துக்குப் பிறகு மணியைப் பற்றி உன் வாயிலிருந்து வந்த முதல் வாக்கியமே, “அந்த டப்பாவை அனுப்பச் சொல்லவே இல்லையே, மருமக தெரியாம வெச்சிருக்கா” என்பதுதான். வேறு யாராக இருந்தாலும் அங்கேயே வைத்திருப்பேன். நீ என்பதால் இன்னும் கொஞ்ச நேரம் கேட்டேன்.

கேட்டது நல்லதுதான். நீ திருடவில்லை என்று தெரிந்தது. “நானே கப்பல்ல கொண்டுபோய் வீப்கே கையிலயே குடுத்துட்டு, அவ மணியோட நிக்கிற மாதிரி ஒரு போட்டோ எடுத்து உனக்கு அனுப்பி அசத்தலாம்னு இருந்தேன்” என்றாய். பதிவு போட்டால் எனக்குத் தெரிந்துவிடும் என்று போடாமல் எடுத்தாய். ஜூலையில் பயணம், ஒரு மாதத்தில் எல்லாருக்கும் தெரிந்துவிடும், அப்போது யோஹெனிடம் சிரித்துக்கொண்டே மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம் என்று சூப்பைக் குடித்தாய். அந்த ஜூன் கடைசியில் உன் மனைவி கெர்லிண்டேக்கு நோய் என்று தெரிந்தது. நவம்பரில் அவளும் போய்விட்டாள்.

அதெல்லாம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த ஐந்து மாதமும் உருளைக்கிழங்கு சூப் தூக்கிக்கொண்டு உன் வீட்டுப் படி ஏறியவள் நான். நான் அதைச் சூடாக்கிக்கொண்டிருந்த அடுப்பங்கரைக்கு அடுத்த அறையில் மணி இருந்திருக்கிறது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, “ஹைட்ருன், அது என்கிட்ட இருக்கு” என்று சொல்லியிருந்தால் போதும். திட்டியிருப்பேன். திட்டிவிட்டு நானே ரயில் ஏறியிருப்பேன்.

மற்ற முப்பத்தாறையும் பற்றிக் கேட்டேன். கெர்லிண்டே போன பிறகு தனியாகக் காட்டுக்குப் போய் எடுத்து வந்தேன், அடுத்த பெட்டியில் போட மனசு வரவில்லை என்றாய். “வீட்டுக்கு யாரோ வந்திருக்கிற மாதிரி இருந்துச்சு” என்றாய். அதைக் கேட்டபோது என் கோபம் ஒரு நிமிஷம் தடுமாறியது. அந்த இடத்தில்தான் தொலைபேசியை வைத்தேன். உன்மேல் இரக்கப்பட எனக்கு இப்போது நேரமில்லை.

யோஹெனைப் பார்த்தேன். அவர் ஓட்டுகிற கோஸ்லார் பேருந்தில் முதல் நிறுத்தத்திலேயே ஏறி, அவர் பக்கத்தில் நின்று, எட்டு வருஷத்துக்கு முன்னால் நான் சொன்னது தப்பு, மணியை நீங்கள் எடுக்கவில்லை, என்னை மன்னிக்க வேண்டும் என்று சத்தமாகச் சொன்னேன். பின்னால் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். “மொதல்ல டிக்கெட் எடுங்க” என்றார். எடுத்தேன். மூன்று நிறுத்தம் தாண்டிய பிறகு, “யாரு எடுத்தது?” என்றார். சொல்லவில்லை. நீயே சொல்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு வாரமாக மணியின் பக்கத்தைத் தினமும் திறந்து பார்க்கிறேன். நீ ஒன்றும் எழுதவில்லை. எல்லாவற்றையும் என்னிடம் சொல்லிவிட்டாய், அங்கே ஒரு வரி கிடையாது. அந்தப் பக்கத்தைக் கவனிப்பவர் ஒருவர் என்று கீழே இன்னும் காட்டுகிறது. இந்த எட்டு வருஷமும் அவள் அதை எடுத்துவிடவில்லை, ஃபோல்க்மார்.

‘நீயே தொலைபேசியில் அவளிடம் சொல்லேன்’ என்றாய். என்ன சொல்வது? ‘நான் கைவிடவில்லை, ஃபோல்க்மார்தான் ஒளித்து வைத்திருந்தான்’ என்றா? டீட்டர் செத்ததற்கு அவள் காரணம் என்றேன், மணி போனதற்கு யோஹென் காரணம் என்றேன், இப்போது நீ காரணம் என்று சொல்ல வேண்டுமா? அம்மா இன்னும் மாறவேயில்லை என்று அவள் வைத்துவிடுவாள். வைத்தால் நியாயம்தான். மூன்று கிலோமீட்டரில் வந்து கிடந்த மணியை நானே எடுத்துக்கொண்டு போகாமல், யாராவது கொண்டுபோகட்டும் என்று உட்கார்ந்திருந்தவள் நான். உன்னைத் திட்டும்போதெல்லாம் எனக்கும் சேர்த்துத்தான் விழுகிறது.

அதனால் நீ எழுது. எண் தகட்டில் இருக்கிறது, உனக்காக இந்தத் தாளின் பின்பக்கம் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன். தேதி கேட்கிற இடத்தில், எடுத்த நாள் என்று நீ சொன்ன மே 17, 2015 என்று போடு. மதகுப் பெட்டியிலிருந்து எடுத்தேன், கெர்லிண்டேக்கு முடியாமல் போனது, பிறகு சொல்லப் பயந்தேன், ஹைட்ருனுக்கு ஒன்றும் தெரியாது என்று எழுது. என்னை நல்லவளாக்கி ஒரு சொல்கூடக் கூட்டாதே. கண் தெரியவில்லை என்றால் நீ சொல்லச் சொல்ல மருமகள் தட்டட்டும். அவள் முன்னால் சொல்ல வெட்கமாக இருக்கும். எனக்குப் பேருந்தில் இருந்தது, போய்விட்டது. வீப்கே உன்னை மாமா என்று கூப்பிட்டு வளர்ந்தவள். நீ எழுதினால் நம்புவாள்.

நவம்பர் 9, வியாழக்கிழமை, மணியை எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன். டென்மார்க் வழியாகப் போய்க் கப்பல் ஏறுகிறேன். வருகிறேன் என்று அவளுக்குச் சொல்லவில்லை. சொன்னால் எனக்கே பயம் வந்து நின்றுவிடுவேன். நான் போய்க் கதவைத் தட்டும்போது நீ எழுதியதை அவள் படித்திருக்க வேண்டும். மற்றதை நான் நேரில் சொல்லிக்கொள்கிறேன். அவளுக்குச் சொல்ல வேண்டியது எனக்குப் பாடமாகிவிட்டது, சின்னதுதான்.

உன் கண் இருக்கிற அளவிலாவது நிற்கட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். என் ரயில் நீ இருக்கிற ஃபிளென்ஸ்பர்க்கில் மதியம் இரண்டு பத்துக்கு வந்து ஆறு நிமிஷம் நிற்கும். எழுதவில்லை என்றால் ஸ்டேஷன் பக்கமே வராதே. எழுதியிருந்தால் மகனைக் கூட்டிக்கொண்டு நடைமேடைக்கு வா. என் கோபம் அதற்குள் போயிருக்காது. என் முகம் உனக்குத் தெரியாது என்று கவலைப்படாதே, நானே உன்னைக் கூப்பிடுகிறேன்.

ஹைட்ருன்