பதினேழு பொந்துகள்

அன்புள்ள உங்களுக்கு,

நான் சுகம். மகளுக்கு வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு போட்டிருக்கிறது. வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன்.

உங்கள் நான்கு பக்கக் கடிதம் கிடைத்தது. ஆற்றங்கரை மண்சுவரில் பஞ்சுருட்டான் பறவைகள் கூடு வைத்த பதினேழு பொந்துகளும் அப்படியே இருக்கின்றனவா என்று எண்ணிச் சொல்லும்படி போன மாதம் அவளுக்கு எழுதினீர்கள். அப்பா கேட்டுவிட்டார் என்று உச்சி வெயிலில் ஓடினாள், சரிந்து விழுந்தாள். கை உடைந்ததை உங்களுக்கு எழுதினேன். விழுந்ததில் பொந்து ஏதாவது இடிந்ததா என்று பதில் போட்டிருக்கிறீர்கள். மகராசன்! படித்துவிட்டுச் சிரித்தேன். பிறகு அவளுக்கும் படித்துக் காட்டினேன். வேண்டுமென்றேதான் காட்டினேன். அன்று அவள் சாப்பிடவில்லை.

சரி, நீங்கள் கேட்ட விவரம். குளத்தில் முக்குளிப்பான் இரண்டு. வாய்க்கால் ஓரம் ஒரு கீரி, குட்டிகளோடு. மீன்கொத்தியைப் பத்து நாளாகக் காணோம். பொந்துகளுக்குள் குஞ்சுகள் போன வாரம்தான் கத்த ஆரம்பித்திருந்தன.

செவ்வாய்க்கிழமை மண் அள்ளும் இயந்திரத்தின் ஓட்டுநர் வீட்டுக்கு வந்தார். இந்த வீட்டில் கேட்டுவிட்டுத்தான் கரையை வெட்ட வேண்டும் என்று நீங்கள் பலகை நட்டிருக்கிறீர்களே, அதை மதித்து வந்த மனிதர். "கூடு கீடு இருந்தா சொல்லுங்கக்கா, பத்து நாள் கழிச்சு வெட்டிக்கிறேன்" என்றார். பத்தே நாள். மகள் வாசலில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் பறந்து போயாச்சு, தாராளமா வெட்டுங்க என்றேன்.

மறுநாள் உங்கள் பைனாகுலரை எடுத்துக்கொண்டு போனேன். மண்சுவர் இல்லை. தாய்ப் பறவைகள் வாயில் தட்டானோடு, பொந்து இருந்த உயரத்துக்கு வந்து, வெறும் காற்றில் சிறகடித்து நின்றுவிட்டுத் திரும்பின. மூன்று நாள் அப்படி வந்தன. தேதி, நேரம் எல்லாம் உங்கள் நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். மகள் என்னோடு பேசி ஆறு நாளாகிறது. ஆனாலும் தப்பு செய்துவிட்டேன் என்று உங்களிடம் மட்டும் சொல்ல மாட்டேன்.

குஞ்சுகள் வெளியே வரும் சமயம் லீவு போட்டு வருவதாக எழுதியிருந்தீர்கள். இனி இங்கே பார்ப்பதற்கு நாங்கள் இரண்டு பேர்தான் இருக்கிறோம். அவளுக்குக் கட்டுப் பிரிக்கும் நாளிலாவது வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி