கறுப்புத் திரையில் ஒரு வரி

நவம்பர் 2004, வியாழன் இரவு

திங்கட்கிழமையிலிருந்து கம்ப்யூட்டர் மக்கர் செய்கிறது. பாரிசிலிருந்து என் வீட்டுக்காரர் அனுப்பியது. அவர் முகத்தைப் பார்த்துப் பேச எனக்கு அது ஒன்றுதான் வழி. போட்டால் கறுப்புத் திரையில் பிரெஞ்சில் ஒரு வரி வந்து அப்படியே நின்றுவிடுகிறது. எனக்குப் பிரெஞ்சு தெரியாது. பக்கத்துச் சாரம் பகுதியிலிருந்து வந்த மெக்கானிக்குக்கும் தெரியாது. எல்லாவற்றையும் கழற்றி மாட்டிவிட்டு, "மதர்போர்டு போயிடுச்சுக்கா" என்று போய்விட்டான்.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த மாமனார் அத்தனை நேரமும் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். இன்று சாயங்காலம் பொறுக்கமுடியாமல் அவரிடமே கேட்டேன்.

"உள்ள இருக்கிற ஃபிளாப்பிய எடுக்கச் சொல்லுது."

எடுத்தேன். ஓடியது.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே மாமா?"

"நீ கேக்கலியேம்மா."

சரி. நாளையிலிருந்து அவர் காப்பிக்குச் சர்க்கரையும் கேட்டால்தான்.