ஒரே கேட், ஒன்பது அட்டை

பிப்ரவரி 10, திங்கள்

பொங்கலோடு எங்கள் பிரிவை மூடினார்கள். ஒரு மாதம் ஆகப்போகிறது. வீட்டில் இருந்து பழக்கமில்லை, துவைத்ததையே துவைக்கிறேன்.

பக்கத்து வீட்டு பூமிகா இன்று காலேஜுக்கு மட்டம் போட்டு என்னோடு உட்கார்ந்தாள். சிப்காட்டில் கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்று தரம் பார்க்க ஆள் எடுக்கிறது. கான்ட்ராக்ட் இல்லை, நேரடியாகக் கம்பெனி ஆள். சேரும் தேதியில் முப்பத்தாறு வயது ஆகியிருக்கக் கூடாது. எனக்கு மார்ச் 28-ல் முப்பத்தாறு. இதை விட்டால் ஆயுசுக்கும் கான்ட்ராக்ட்தான்.

கேட்டில் போய் விசாரிப்பதெல்லாம் இப்போது இல்லை, எல்லாம் போனில். முன்பு வேலை பார்த்த இடங்களைக் கேட்டது. பி.எஃப். கணக்கைப் பார்த்து ஒன்பது பெயரையும் ஒழுங்காகச் சொன்னேன். 'இங்கே பணிபுரிபவர் யாராவது உங்களைப் பரிந்துரைக்கிறாரா?' என்று ஒரு கட்டம். அங்கே எனக்கு யாரைத் தெரியும்? காலியாக விட்டோம்.

11:10-க்கு அனுப்பினோம். 11:14-க்குப் பதில். 'தங்கள் ஆர்வத்துக்கு நன்றி.'

"மனுசங்க யாரும் படிக்கலக்கா, ஏஐ-தான் வடிகட்டுது" என்றாள் பூமிகா. தன் போனில் இருக்கிற ஏஐ-யிடம் என் விண்ணப்பத்தைக் காட்டி ஏன் என்று கேட்டாள். ஒன்பது வருஷத்தில் ஒன்பது கம்பெனி மாறியவர், நிலைக்க மாட்டார் என்று தோன்றியிருக்கலாம் என்றது அது.

நானா? நான் மாறினேனா?

பிப்ரவரி 11

அதே கம்பெனி. அதே இரண்டாம் நம்பர் கேட். அதே நாலாம் நம்பர் மேசை. ரப்பர் வாஷரில் பிசிறு இருக்கிறதா என்று கட்டைவிரலால் தடவிப் பார்க்கிற அதே வேலை. வருஷா வருஷம் கான்ட்ராக்டர் பெயர் மாறும். இரண்டு நாள் வீட்டில் இருக்கச் சொல்வார்கள். மூன்றாம் நாள் புது அட்டையை மாட்டிக்கொண்டு அதே ஸ்டூலில் உட்காருவேன். மாறினது அவர்கள், ஓடுகாலிப் பட்டம் எனக்கு!

ஸ்டீபனிடம் புலம்பினேன். "ஒரே புருசனோட பன்னெண்டு வருசமா குப்ப கொட்டிக்கினு கீறியே, அத்தப் போடச் சொல்லு" என்கிறார். பேச்சைப் பார்.

பிப்ரவரி 22

பூமிகா ஒன்பதையும் அழித்து ஒரே வரியாக்கினாள். கம்பெனி பெயர், ஒன்பது வருஷம். "பொய் இல்லியேக்கா." பொய் இல்லைதான். மறுபடி அனுப்பினோம். தாண்டிவிட்டது!

பிறகு கேமராவைப் பார்த்துப் பேசச் சொல்லி மிஷினே கேள்வி கேட்டது. குறையுள்ள பொருளை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? கட்டைவிரலை நீட்டிக் காட்டினேன். யாரிடம் காட்டுகிறேன் என்று எனக்கே சிரிப்பு. அதையும் தாண்டிவிட்டேன். ஸ்டீபன் பிரியாணி வாங்கி வந்தார்.

மார்ச் 4

'பி.எஃப். பதிவுடன் தகவல் பொருந்தவில்லை. விண்ணப்பம் நிறுத்தி வைக்கப்படுகிறது.'

முழுசாகச் சொன்னால் ஓடுகாலி. சுருக்கிச் சொன்னால் புளுகுணி. இன்னாதான் பண்ணச் சொல்ற என்னிய? வாயத் தொறந்தாலும் தப்பு, மூடினாலும் தப்பு — அழுது தீர்த்தேன். ஒன்பது வருஷம் எங்கே இருந்தேன் என்று எனக்கே சந்தேகம் வந்துவிடும் போலிருக்கிறது.

மார்ச் 5

ஆட்சேபம் இருந்தால் தெரிவிக்க ஒரு கட்டம் இருக்கிறதாம். முந்நூறு எழுத்து, ஒரு படம்.

பைபிள் உறையின் ஜிப்புக்குள் ஒன்பது அட்டையும் கிடந்தன. கான்ட்ராக்டரே காணாமல் போனபின் யாரிடம் திருப்பிக் கொடுப்பது? பாயில் வரிசையாகப் பரப்பினோம். முதல் அட்டையில் எவ்வளவு ஒல்லி நான்! ஆறாவதிலிருந்து கண்ணாடி. கயிறு ஒவ்வொன்றும் ஒரு நிறம். அடியில் மட்டும் ஒன்பதிலும் ஒரே வரி: கேட் 2, தரம், மேசை 4. பூமிகா ஸ்டூல்மேல் ஏறிப் படம் எடுத்தாள்.

'நான் மாறவில்லை. அட்டைதான் மாறியது' என்று எழுதச் சொன்னேன். இன்னும் நிறைய இடம் இருக்கிறது என்றாள். போதும் என்றேன்.

மார்ச் 11

போன். 'ஏஞ்சலின்தானே?' மனிதக் குரல்! கிரேஸ் என்று பெயர், அந்தக் கம்பெனியில் ஆள் எடுக்கிற அதிகாரி. படத்தைப் பார்த்தாராம். ஒன்பது வருஷமும் நான் அங்கேதான் இருந்தேன் என்று என் பழைய கம்பெனியிலிருந்து யாராவது ஒருவர் எழுதிக் கொடுத்தால் போதுமாம்.

சுப்பராயன் சாரைப் புதுவாயல் கூட்டுரோட்டு டீக்கடையில் பிடித்தேன். ஒன்பது வருஷமும் எனக்கு சூப்பர்வைசர் அவர்தான்.

"எழுத்துல மட்டும் கேக்காதம்மா. ஒம்போது வருசம்னு எழுதிக் குட்த்தா, அப்போ இன்னாத்துக்குப் பர்மனன்ட் பண்ணலன்னு கம்பெனியக் கேப்பாங்க. என் வேல பூடும்."

டீயை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மார்ச் 12

கோழை என்று எழுதி, அடித்துவிட்டேன். அவருக்கும் இரண்டு பெண் பிள்ளைகள்.

மார்ச் 19

சுப்பராயன் சார் எழுதித் தர மாட்டார் என்று உள்ளதைச் சொல்லி, கிரேஸ் மேடத்திடம் அவர் நம்பரை மட்டும் கொடுத்திருந்தேன். இன்று நேரில் கூப்பிட்டார்கள். ஒரு தட்டில் ஐம்பது வாஷர். தடவித் தடவி மூன்றை ஒதுக்கினேன். மூன்றுதான் கலந்து வைத்திருந்தார்களாம்.

"உங்க சார்கிட்ட பேசினேன்" என்றார் கிரேஸ் மேடம். "எத்தனை வருஷம்னு சொல்ல மாட்டேன்னுட்டார். ஆனா ஏஞ்சலின் லீவு போட்டா மட்டும்தான் நாலாம் மேசையில வேற ஆளு, அந்த வாரம் சரக்கு திரும்பி வரும்னார்."

பஸ்ஸில் முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு அழுதேன். அன்றைக்கு அந்த டீயைக் குடித்திருக்கலாம்.

மார்ச் 26, புதன்

சேர்ந்துவிட்டேன். முப்பத்தாறுக்கு இரண்டு நாள் மிச்சம். அட்டையில் கம்பெனி பெயர் மட்டும்தான். பணியாளர் எண் 2317. ஸ்டீபன் தான் ஓட்டுகிற ஷேர் ஆட்டோவில் ஏறுகிற எல்லோரிடமும் சொல்லிவிட்டார்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஜெபம் முடிந்து வந்தால் வாசலில் சுப்பராயன் சார். பழைய கம்பெனியை மொத்தமாக மூடிவிட்டார்களாம். எங்கள் கம்பெனியில் சூப்பர்வைசர் வேலைக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார். ஐந்து நிமிஷத்தில் 'ஆர்வத்துக்கு நன்றி.'

பூமிகா தன் போனில் கேட்டுப் பார்த்தாள். இருபத்துமூன்று வருஷம் ஒரே இடம், புது இடத்துக்குப் பழக மாட்டார் என்று தோன்றலாமாம். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

டீ போட்டேன். இரண்டு பேரும் குடித்தோம். பிறகு அவர் விண்ணப்பத்தை மறுபடி திறந்து, பரிந்துரைப்பவர் கட்டத்தில் என் பெயரையும் 2317-ஐயும் நானே போட்டேன்.

"வேணாம்மா. நாளைக்கி உனுக்கு எதுனா பேஜாராய்டப் போவுது."

"ஆவட்டும் சார். எழுத்துலதான் கேக்கறாங்க, எழுத்துலயே குடுக்கறேன்."

அவர் டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு போன் பக்கம் குனிந்தார்.

அடுத்த கட்டம்: 'இவருடன் ஒரே இடத்தில் எத்தனை ஆண்டுகள் பணிபுரிந்தீர்கள்?'

9 என்று தட்டினேன். பக்கத்தில் பச்சை டிக் விழுந்தது.